டப்பால இருந்த நம்பரை நம்பி டேப்லெட் வாங்கின கதை

முதல் டேப்லெட் வாங்கும்போது நான் பெரிய புத்திசாலின்னு நெனப்பு எனக்கு. எட்டு கோர் ப்ராசஸர், 10.1 இன்ச், எச்டி டிஸ்ப்ளே, பெரிய பேட்டரி, டப்பால இருந்த ஒவ்வொரு வரியும் நல்லாத்தான் இருந்துச்சு, இதே சைஸுக்கு மத்தவங்க கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கேக்குறாங்க, நாம என்ன ஆபீஸ் வேலையா பாக்கப் போறோம், படம் பாக்க, சும்மா கொஞ்சம் கேம் ஆட, படுத்துக்கிட்டே எதையாவது படிக்க, இதுக்கு இது போதும்டான்னு வாங்கிட்டேன். அன்னைக்கு ராத்திரியே ஒரு படத்தைப் போட்டேன். மூஞ்சியெல்லாம் மெழுகு பூசின மாதிரி இருக்கு, சப்டைட்டில் ஓரத்துல பிசிறு. நெட்தான் ஸ்லோவோன்னு ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், ஆப்பைத் தூக்கிட்டு மறுபடி போட்டேன், குவாலிட்டி செட்டிங்ஸ்ல இருக்குறதுலயே பெருசா வச்சேன், ஒண்ணும் ஆகல. அதே வைஃபை, அதே அக்கவுன்ட், என் போன்ல மட்டும் பளிச்சுன்னு ஓடுது.

இதுல இன்னொரு குழப்பம் என்னன்னா யூடியூப் வீடியோ நல்லாத்தான் வந்துச்சு. அதனால ஸ்கிரீன் மேல சந்தேகமே வரல. ரெண்டு நாள் மண்டையை உடைச்சுக்கிட்ட அப்புறம்தான் வைட்வைன்னு ஒண்ணு இருக்குன்னே தெரிஞ்சுது. அது கூகுளோட காப்பி பாதுகாப்பு முறை. காசு கட்டி பாக்குற ஸ்ட்ரீமிங் ஆப் எல்லாம் படத்தை அனுப்புறதுக்கு முன்னாடி உங்க டேப்லெட் எந்த லெவல்ல இருக்குன்னு பாக்கும். எல்1னா பூட்டைத் திறக்குற வேலை ப்ராசஸருக்குள்ள இருக்குற பாதுகாப்பான பகுதியிலயே நடக்குது, அதை நம்பி எச்டி, அதுக்கு மேல எல்லாம் குடுப்பாங்க. எல்3னா வெறும் சாஃப்ட்வேர்ல நடக்குது, அதை நம்ப மாட்டாங்க, பெரும்பாலும் 480பி, அதாவது படத்துல 480 வரியோட நிறுத்திடுவாங்க. ஸ்கிரீன் 4கேவா இருந்தாலும் அதேதான். யூடியூப்ல சும்மா கிடக்குற வீடியோவுக்கு இந்தப் பூட்டே கிடையாது, அதான் அங்க நல்லா வந்துருக்கு. என்னோடது எல்3. டப்பால இதைப் பத்தி ஒரு எழுத்து கிடையாது.

கடையில டிஸ்ப்ளேல வச்சிருக்குற பீஸ் கைல கெடச்சா டிஆர்எம் இன்ஃபோன்னு ஒரு இலவச ஆப் இருக்கு, போட்டுப் பாருங்க, செக்யூரிட்டி லெவல்னு ஒரு வரி இருக்கும். நெட்ஃபிளிக்ஸ்ல லாகின் பண்ண முடிஞ்சா ஆப் செட்டிங்ஸ்ல ப்ளேபேக் ஸ்பெசிஃபிகேஷன் உள்ள போனா அதிகபட்ச ரெசல்யூஷன் என்னன்னு அதுவே சொல்லிடும். இதை ஏன் தனியா சொல்றேன்னா நெட்ஃபிளிக்ஸுக்கு எல்1 மட்டும் பத்தாது, அவங்க ஓகே சொன்ன மாடலாவும் இருக்கணும். எல்1 இருந்தும் எச்டி வராத மாடல் உண்டு. ஐபேட்ல இந்தத் தொல்லை இல்ல, அங்க ஆப்பிளோட சொந்தப் பாதுகாப்பு முறை. வாங்கின அப்புறம் நாமளா உக்காந்து எல்3யை எல்1 ஆக்க வழியே இல்ல, அதனாலதான் இவ்வளவு நீட்டி முழக்குறேன்.

சரி படம்தான் போச்சு, கேமாவது ஆடலாம்னு பாத்தா அதுவும் இழுவை. எட்டு கோர்னு போட்டிருந்தான்ல, கோர்னா ப்ராசஸருக்குள்ள வேலை செய்யுற தனித்தனி பகுதி, அந்த எட்டும் கோர்டெக்ஸ் ஏ53. மின்சாரம் மிச்சப்படுத்தறதுக்குன்னே செஞ்ச சின்ன கோர் அது. எட்டு சின்னப் பசங்க சேந்தாலும் ஒரு பீரோவை நகத்த முடியாதுல்ல, அந்த மாதிரி. ஹீலியோ ஜி99ங்கிற ப்ராசஸர்ல கூட எட்டு கோர்தான், ஆனா அதுல ரெண்டு ஏ76, பெரிய கோர், அந்த ரெண்டுதான் ஆப் திறக்குறப்ப நமக்குத் தெரியுற வேகத்தைக் குடுக்குது. அதனால கோர் எத்தனைன்னு கேக்காதீங்க, என்ன கோர்னு பாருங்க. ஏ76, இல்லன்னா அதைவிடப் பெரிய கோர் ரெண்டாச்சும் இருந்தா சாதாரண வேலைக்கும் லைட்டான கேமுக்கும் தாராளம்.

ரேம் 3 ஜிபி. பிரவுசர்ல ஒண்ணு படிச்சுக்கிட்டு இருக்கேன், வாட்ஸ்அப் மெசேஜ் வந்துச்சுன்னு அங்க போயிட்டு திரும்பி வந்தா பேஜ் முதல்லேர்ந்து லோட் ஆகுது. கேம்ல பாதி லெவல் தாண்டியிருப்பேன், ஒரு கால் வந்து போனா கேம் மறுபடி லோகோவுலேர்ந்து ஆரம்பிக்கும். விர்ச்சுவல் ரேம்னு எக்ஸ்ட்ரா 4 ஜிபி போட்டிருந்தான், அது ரேமே இல்லங்க, ஸ்டோரேஜ்ல கொஞ்சம் இடத்தை எடுத்து ரேம் மாதிரி நடிக்க வைக்கிறது. அந்த ஸ்டோரேஜும் இஎம்எம்சிங்கிற பழைய வகை, ஒரே நேரத்துல படிக்கவும் எழுதவும் அதுக்கு வராது, ஒண்ணு முடிஞ்சாதான் இன்னொண்ணு. பின்னாடி ஒரு ஆப் அப்டேட் ஆகிட்டு இருந்தா முன்னாடி கீபோர்டே ரெண்டு செகண்ட் கழிச்சுதான் எழும்பும். யூஎஃப்எஸ்ங்கிற புது வகை ஸ்டோரேஜ் போட்டிருந்தா ரெண்டும் ஒண்ணா நடக்கும். விளம்பரத்துல 64 ஜிபி, 128 ஜிபின்னு பெருசா போடுவான், இஎம்எம்சியா யூஎஃப்எஸ்ஸான்னு வாயே திறக்க மாட்டான், தேடித்தான் பாக்கணும். என் அனுபவத்துல 4 ஜிபி ரேம் சமாளிக்கலாம், 6 நிம்மதி, 8 இருந்தா நாலஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்ல.

அப்புறம் எச்டி டிஸ்ப்ளே. 1280க்கு 800. 10.1 இன்ச்ல அதை விரிச்சா ஒரு இன்சுக்கு 149 புள்ளிதான். படத்துல கூட பரவால்ல, தமிழ் படிக்கும்போதுதான் கஷ்டம் தெரிஞ்சுது. இங்கிலீஷ் எழுத்து எப்படியோ தப்பிச்சுடுது, நம்ம ணவும் னவும் சின்ன சைஸ்ல ஒண்ணாயிடுது, மெய்யெழுத்து மேல இருக்குற புள்ளி இருக்கா இல்லையான்னு கண்ணைச் சுருக்கிப் பாக்கணும். ஸ்கேன் பண்ண பழைய புத்தகம் பிடிஎஃப்ல படிக்கிறவங்களுக்கு இது இன்னும் மோசம். 11 இன்ச்ல 1920க்கு 1200 இருந்தா 206 புள்ளி வரும், அதுதான் என் கணக்குல கீழ் எல்லை. 2560க்கு 1600னா 274, அப்போ தமிழ் எழுத்து அச்சு மாதிரி நிக்கும். கடையில டிஸ்ப்ளே பீஸ்ல அவங்க போட்டு வச்சிருக்குற பூ, பறவை வீடியோவைப் பாக்காதீங்க, ஒரு தமிழ் செய்தி பக்கத்தைத் திறந்து எழுத்தைச் சின்னதாக்கிப் பாருங்க.

ஒரு வருஷம் இதோட மல்லுக்கட்டிட்டு, சூடு பட்ட பூனை மாதிரி, இந்த தடவை விடக் கூடாதுன்னு ஒரே தாவா 12.7 இன்ச் ஒண்ணு வாங்கினேன். எல்1, நல்ல ப்ராசஸர், 8 ஜிபி ரேம், ஸ்கிரீன் பிரமாதம், குறை சொல்ல ஒண்ணுமே இல்ல. ஆனா மூணாவது நாள் ராத்திரி படுத்துக்கிட்டுப் பாக்கும்போது கண் அசந்துச்சு, அது நேரா மூக்கு மேல. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அறுநூத்து சொச்சம் கிராம், அதுக்கு மேல ஸ்டாண்டு வச்ச கேஸ் ஒரு கால் கிலோ, சேத்துப் பாத்தா ஒரு சின்ன லேப்டாப்பைத் தூக்கிப் பிடிச்ச மாதிரிதான். அது மேஜை மேல நிக்கும்போது ராஜா, கைல எடுத்தா பாரம். எனக்கோ மேஜைல உக்காந்து பாக்குற பழக்கமே இல்ல, படுக்கை, இல்லன்னா பஸ். கொஞ்ச நாள்ல பாத்தா நான் மறுபடி போன்லயே படம் பாத்துக்கிட்டு இருக்கேன், டேப்லெட் மேஜைல சும்மா கிடக்கு.

அக்கா வீட்டுக்கு வந்தப்ப அதைப் பாத்துட்டு, "ஏன்டா இவ்வளவு நல்லா இருக்கு, இதையா சும்மா வச்சிருக்க"ன்னு எடுத்துக்கிட்டுப் போச்சு. அக்காவுக்கு வெள்ளெழுத்து, எழுத்தைப் பெருசாக்கி வச்சு ஸ்டாண்டுல நிக்க வச்சு தையல் வீடியோ பாத்துக்கிட்டே வேலை செய்யும், கைல தூக்குறதே இல்ல. எனக்கு ஆகாத அதே டேப்லெட் அதுக்கு அவ்வளவு பொருத்தம். அப்பதான் எனக்கு உறைச்சுது, நான் ரெண்டு தடவையும் டேப்லெட்டைப் பத்தியே யோசிச்சிருக்கேன், அதை எங்க வச்சு எப்படிப் பிடிச்சுப் பாக்கப் போறேன்னு ஒரு தடவை கூட யோசிக்கல.

மூணாவது வாங்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் பைத்தியக்காரத்தனமா ஒண்ணு பண்ணேன். 11 இன்ச் டேப்லெட் பெரும்பாலும் 460லேர்ந்து 500 கிராம் வருது, 8 இன்ச்னா 300 சொச்சம். வீட்ல அரைக் கிலோ எடை வர்ற ஒரு தடிப் புத்தகத்தைத் தேடி எடுத்து, படுத்துக்கிட்டு அரை மணி நேரம் ரெண்டு கைலயும் பிடிச்சுப் பாத்தேன். முடிஞ்சுது, ஆனா ஒரு கைல முடியல. ஒரு கைல பிடிச்சுப் படிக்கிறதுதான் உங்க முக்கிய வேலைன்னா 8 இன்ச் பக்கம் போங்க, வேற யோசனையே வேணாம். எனக்குப் படம் முக்கியம், அதனால 11.

11 இன்ச்லயே இன்னொரு உள்குத்து இருக்கு, நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம். ஆண்ட்ராய்டு டேப்லெட்ல நெறைய 16:10, ஐபேட் கிட்டத்தட்ட 4:3. சாதாரண 16:9 வீடியோ ஓட்டினா 16:10 ஸ்கிரீன்ல படம் மட்டும் 10.7 இன்ச் சைஸ்ல தெரியும், அதே 11 இன்ச் 4:3ல 10.1தான், மிச்சம் மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை. ஆனா புத்தகம், பிடிஎஃப், வெப் பேஜ் படிக்க 4:3 அவ்வளவு சௌகரியம், 16:10ஐ நிமிர்த்திப் பிடிச்சா ஒல்லியா உயரமா ரூல் தடி மாதிரி இருக்கும். சினிமாஸ்கோப் படம்னா 16:10லயே மூணுல ஒரு பங்கு ஸ்கிரீன் கறுப்புதான். விளக்கை அணைச்சுட்டுப் பாத்தா எல்சிடி ஸ்கிரீன்ல அந்தக் கறுப்பு சாம்பலா மினுக்கும், ஓஎல்இடி ஸ்கிரீன்ல அந்த இடத்துப் புள்ளியே அணைஞ்சிடுறதால ராத்திரியோட ராத்திரியா போயிடும். காசு இருந்தா ஓஎல்இடி. ஆனா குறைஞ்ச வெளிச்சத்துல ஓஎல்இடி பலதும் வேகமா அணைஞ்சு எரியும், கண்ணுக்குத் தெரியாது, சில பேருக்குத் தலை வலிக்கும். என் ஃப்ரெண்டு ஒருத்தனுக்கு அப்படித்தான், பத்து நிமிஷத்துல கீழ வச்சிடுவான். நான் எல்சிடியே வாங்கினேன், பட்ஜெட் அவ்வளவுதான்.

120 ஹெர்ட்ஸ், அதாவது ஸ்கிரீன் செகண்டுக்கு 120 தடவை படத்தைப் புதுப்பிக்கிறது, அது வேணுமான்னு நெறைய பேரு கேப்பாங்க. ஸ்க்ரோல் பண்ணும்போது வழுக்கிக்கிட்டுப் போகும், அது நிஜம். படத்துக்கு அதனால ஒரு சின்ன லாபம் இருக்கு, சினிமா செகண்டுக்கு 24 ஃப்ரேம், 60ஐ 24ஆல வகுத்தா சரியா வராது, ஒரு ஃப்ரேம் ரெண்டு தடவை, அடுத்தது மூணு தடவைன்னு மாத்தி மாத்திக் காட்டும், கேமரா மெதுவா நகர்ற ஷாட்ல லேசா திக்கும். 120ல ஒவ்வொரு ஃப்ரேமும் சமமா அஞ்சு தடவை. ஆனா கேம்ல 120 வரணும்னா கேமும் அதுக்கு இடம் குடுக்கணும், ப்ராசஸரும் தாங்கணும், விலை கம்மியான டேப்லெட்ல பெரிய கேமுக்கு 30, 40 ஃப்ரேம்தான் வரும், ஸ்கிரீன் 120ஆ இருந்து என்ன பண்ண. 90 போதும்ங்கிறது என் கருத்து, அந்த வித்தியாசக் காசை ரேம்லயோ ஸ்டோரேஜ்லயோ போடுங்க.

கேமைப் பத்தி சொல்லும்போது, 11 இன்ச்ல ரெண்டு கட்டை விரலும் நடுவுல எட்டாது. செஸ், பசில், கார் ரேஸ் எல்லாம் சுகம், சுடுற கேம்ல பட்டனை எல்லாம் ஓரத்துக்கு நகத்தி வச்சாகணும். அக்கா பையன் வந்தா முதல்ல கேக்குற கேள்வி "மாமா இதுல ஜைரோ இருக்கா". ஜைரோன்னா டேப்லெட் எந்தப் பக்கம் திரும்புதுன்னு கண்டுபிடிக்கிற சென்சார். முதல் டேப்லெட்ல இல்ல, விலை கம்மியான பல டேப்லெட்ல வெறும் ஆக்ஸிலரோமீட்டரோட நிறுத்திடுவாங்க, டேப்லெட்டை ஆட்டிக் குறி வைக்கிற பழக்கம் இருக்குறவங்களுக்கு அது பெரிய குறை. ப்ளூடூத் கன்ட்ரோலர் ஒண்ணு இருந்தா பாதிப் பிரச்சினை தீந்துடும், டேப்லெட்டை ஸ்டாண்டுல நிக்க வச்சுட்டு சாஞ்சு உக்காந்து ஆடலாம், எல்லா கேமும் கன்ட்ரோலரை ஏத்துக்காது, அதை மட்டும் பாத்துக்கோங்க. மெமரி கார்டு போட்டா கேமுக்கு இடம் கெடைக்கும்னு நெனச்சு ஏமாறாதீங்க, பெரிய கேமோட டேட்டா பெரும்பாலும் கார்டுக்குப் போகாது, உள் ஸ்டோரேஜ்லதான் உக்காரும். கார்டு படம் டவுன்லோட் பண்ணி வைக்க நல்லது. ஐபேட்ல கார்டு ஸ்லாட்டே கிடையாது, 2022ல வந்த பத்தாவது தலைமுறை ஐபேட் 64 ஜிபிலேர்ந்து ஆரம்பம், பழசுல அந்த 64ஐ யாராச்சும் கம்மி விலைக்குத் தந்தா யோசிச்சு வாங்குங்க, 2025 மார்ச்ல வந்தது 128லேர்ந்துதான் ஆரம்பமே.

ஸ்பீக்கர் எங்க இருக்குன்னு பாருங்கய்யா, எத்தனைன்னு மட்டும் பாக்காதீங்க. என் முதல் டேப்லெட்ல ரெண்டும் ஒரே ஓரத்துல, நிமிர்த்திப் பிடிச்சா கீழ. படத்துக்காகப் படுக்கப் போட்டா ரெண்டும் வலது கைக்குள்ள போயிடும், சத்தமெல்லாம் ஒரு பக்கத்துலேர்ந்தே வரும், அதையும் உள்ளங்கை அடைச்சுக்கும். படுக்கப் போடும்போது இடது, வலது ரெண்டு பக்கமும் ஸ்பீக்கர் இருக்கணும், நாலு இருந்தா அருமை. முன் கேமராவும் அப்படித்தான், நீள ஓரத்து நடுவுல இல்லன்னா ஸ்டாண்டுல வச்சு வீடியோ கால் பேசும்போது நீங்க எப்பவும் வேற எங்கேயோ பாத்துப் பேசுற மாதிரி தெரியும், "யாருடா பக்கத்துல"ன்னு அம்மா ரொம்ப நாள் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. பின் கேமராவைப் பத்தி ஒண்ணும் சொல்றதுக்கில்ல, ஒரு பேப்பரைப் படம் பிடிக்க வந்தா போதும்.

சார்ஜிங்ல ஒரு கணக்கு. 8000 எம்ஏஎச்னா சுமார் 31 வாட்-ஹவர், கூட 10 வாட் சார்ஜர் குடுத்திருந்தா வீணாகுறதையும் சேத்து மூணரை, நாலு மணி நேரம் ஆகும். சில பேரு சார்ஜரே வைக்க மாட்டாங்க. டேப்லெட் எத்தனை வாட் வாங்கும், டப்பால எத்தனை வாட் சார்ஜர் இருக்குன்னு ரெண்டையும் தனித்தனியா பாருங்க, நான் மூணாவதுக்குத் தனியா ஒரு நல்ல சார்ஜர் வாங்கித்தான் போட்டேன். டைப்-சி ஓட்டை இருந்தா கேபிள் போட்டு டிவில ஓட்டலாம்னும் நெனச்சிருந்தேன், ஓட்டை புதுசு, உள்ள இருக்குறது பழைய யூஎஸ்பி 2.0. என்னோடதுல டைப்-சி வழியா டிவிக்குப் படம் வெளிய வராது. அதுக்காக வாங்கின அடாப்டர் இன்னும் டிராயர்ல கிடக்கு, யாருக்காச்சும் வேணுமா?

சிம் போடுற மாடலுக்குன்னு கூடுதலா காசு குடுக்காதீங்க, போன் ஹாட்ஸ்பாட் போதும். ஒரே ஒரு விஷயம், வைஃபை மட்டும் இருக்குற ஐபேட்ல ஜிபிஎஸ் கிடையாது, வண்டில மேப் பாக்க வாங்குறவங்க தெரிஞ்சுக்கணும். அமேசான் ஃபயர் டேப்லெட்ல கூகுள் ப்ளே ஸ்டோர் கூடவே வராது, அதுல இருக்குற ஆப் போதும்னா மட்டும் வாங்குங்க. ஐபேட்ல வாட்ஸ்அப் இல்லன்னு இன்னும் சில பேரு சொல்லிக்கிட்டு இருக்காங்க, 2025 மே மாசமே தனி ஆப் வந்தாச்சு.

அப்டேட் விஷயத்துல நான் கொஞ்சம் கறார். முதல் டேப்லெட்டுக்கு வாங்கினதுலேர்ந்து ஒரு அப்டேட் கூட வரல, ரெண்டு வருஷத்துல பேங்க் ஆப் இனிமே இதுல ஓடாதுன்னு சொல்லிடுச்சு. கடையில நிக்கும்போதே செட்டிங்ஸ்ல செக்யூரிட்டி பேட்ச், அதாவது கடைசி பாதுகாப்பு அப்டேட்டோட தேதியைப் பாருங்க, அது ஒரு வருஷம் பழசா இருந்தா அந்தக் கம்பெனி அந்த மாடலைக் கை கழுவிடுச்சோன்னு சந்தேகப்படணும். சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்10 வரிசைக்கு 7 வருஷம்னு சொல்லியிருக்காங்க, அது விலை உயர்ந்த மாடல்தான், ஆனா எத்தனை வருஷம்னு எழுத்துல சொல்ற கம்பெனியா பாத்து வாங்குனா பாதி பயம் போச்சு. ஐபேடுக்கு அப்டேட் பல வருஷம் வரும், அதைப் பத்தி யாரும் சண்டை போட மாட்டாங்க.

மூணாவது வந்த அன்னைக்கு நான் கேஸ் கூட மாட்டல. ரிட்டர்ன் நாள் முடியுறதுக்குள்ள பாக்கணும்னு முழுக் கறுப்பு, முழு வெள்ளைப் படம் போட்டு இருட்டுல ஓரத்துல வெளிச்சம் கசியுதா, செத்த புள்ளி இருக்கான்னு பாத்தேன், விரலால ஒரு ஐகானைப் பிடிச்சு ஸ்கிரீன் முழுக்க கோடு கோடா இழுத்தேன், எங்கயாவது கை விட்டுச்சுன்னா அங்க டச் செத்துருக்குன்னு அர்த்தம். ரவுட்டருக்கு ரெண்டு ரூம் தள்ளிப் போய் படம் ஓடுதான்னு பாத்தேன், அரை மணி நேரம் கேம் ஆடி முதுகு சுடுதான்னு பாத்தேன். வெதுவெதுப்புதான். ஒண்ணரை வருஷம் ஆச்சு, இப்பவும் தினமும் ராத்திரி கைல இருக்கு, மூக்கு மேல விழுந்தது ரெண்டு தடவைதான், வலிக்கல.

அந்த முதல் டேப்லெட்டைத் தூக்கிப் போட மனசு வரல. போட்டோ ஓடுற மாதிரி செட் பண்ணி ஷெல்ஃப்ல சாத்தி, சார்ஜரைக் குத்தியே விட்டுட்டேன், பேட்டரி இருந்தா என்ன போனா என்னன்னு. ஏழெட்டு மாசம் கழிச்சு தூசி தட்ட எடுத்தா ஸ்கிரீன் ஒரு ஓரத்துல நகம் போற அளவுக்குத் தூக்கிக்கிட்டு நிக்குது, பின்பக்கம் தொந்தி போட்டிருக்கு. எப்பவும் நூறுல, சூட்டுலயே நின்னா லித்தியம் பேட்டரி இப்படித்தான் உப்பும். சார்ஜரைப் பிடுங்கிட்டு, அமுக்கிப் பாக்கலாமான்னு கை போச்சு, நல்லவேளை அமுக்கல, ஆன் பண்ணாம அப்படியே கொண்டு போய் மின்கழிவு வாங்குற இடத்துல குடுத்துட்டேன்.